எடைச் சீட்டு சொல்லாத கணக்கு

நம் குடும்பங்களில் உடல்நல விசாரிப்பு பெரும்பாலும் உருவத்தைப் பார்த்தே நடக்கிறது. நெடுநாள் கழித்துச் சந்திக்கும் உறவினர் “என்ன, இப்படி இளைத்துவிட்டாய்?” என்றால் அதில் கவலை தொனிக்கும். சற்றுப் பூசினாற்போல் இருப்பவரைக் கண்டால் “நல்ல சாப்பாடு போலிருக்கிறது” என்று மகிழ்ச்சி பிறக்கும். பருமனானவரே சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அஞ்ச வேண்டும், ஒல்லியானவருக்கு அந்தக் கவலை இல்லை என்பது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட எழுதப்படாத தீர்மானம். ரயில் நிலைய நடைமேடையில் நாணயத்தைப் போட்டு, எடைச் சீட்டை எடுத்துப் பார்த்து, எண் கூடவில்லை என்ற நிறைவோடு வண்டியேறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

இந்தத் தீர்மானம் பிழையானது என்பதற்கு நம் நாட்டில் கிடைத்த மிக வலுவான சான்றுகளுள் ஒன்று கொல்கத்தாவிலிருந்து வந்தது.

கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையை அந்நகரத்து மக்கள் இன்றும் ‘பி.ஜி.’ என்றே அழைக்கிறார்கள். மலேரியாக் கிருமியைக் கொசு எவ்வாறு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1898-ஆம் ஆண்டு கண்டறிந்தது இம்மருத்துவமனையின் வளாகத்தில்தான். அங்கு இயங்கும் செரிமான, கல்லீரல் நோய்த் துறையின் மருத்துவர்கள், அபிஜித் சௌத்ரியின் வழிகாட்டலில், மேற்கு வங்கத்தின் ஒரு கிராமப்புற வட்டாரத்தில் ஆய்வொன்றை மேற்கொண்டனர். கௌசிக் தாஸை முதன்மை ஆசிரியராகக் கொண்டு அதன் முடிவுகள் 2010-இல் ‘ஹெப்படாலஜி’ என்னும் பன்னாட்டு இதழில் வெளிவந்தன. அந்த வட்டாரத்து வயதுவந்தோரில் மூவருக்கு ஒருவர் என்ற கணக்கில் தேர்ந்தெடுத்தார்கள். மதுவைத் தொட்டவர்களையும், மஞ்சள் காமாலைக்குக் காரணமான பி, சி வகை வைரசுத் தொற்று உடையவர்களையும் விலக்கினார்கள். எஞ்சிய 1,911 பேரின் கல்லீரலை அல்ட்ராசவுண்டு, சி.டி. ஸ்கேன் என்னும் இரு வழிகளிலும் படமெடுத்தார்கள்.

இவர்கள் வசதி படைத்த நகரத்து மனிதர்கள் அல்லர். அவர்களில் எடை மிகுந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர், வயிறு பருத்தவர்கள் நூற்றுக்கு 11 பேர், அவ்வளவே. இத்தகைய மக்களிடையே கொழுப்புக் கல்லீரல் அரிதாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் 8.7 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. அவ்வாறு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 25-க்கும் கீழே. பாதிக்கும் மேற்பட்டோர், துல்லியமாகச் சொன்னால் 54 விழுக்காட்டினர், எடை மிகுந்தவர்களும் அல்லர், வயிறு பருத்தவர்களும் அல்லர். பார்வைக்கு மட்டுமன்றி எடைப் பொறிக்கும் இஞ்சு டேப்புக்கும் கூட அவர்கள் நலமானவர்களே. ஒரு சிலருக்கு நோய் முற்றிக் கல்லீரல் சுருக்கம் வரை சென்றிருந்தது.

கல்லீரலில் கொழுப்பு படிவது கல்லீரலோடு முடிகிற செய்தியன்று. அது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் வளர்சிதை மாற்றக் கோளாற்றின் ஓர் அடையாளம். ஆகவே, உடற்கொழுப்பை அளந்து பார்த்து வரக்கூடிய நோயை முன்கூட்டி அறிய முடியுமா, எந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவை நம் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்விகளாகின்றன.

ஒரே எண், இரண்டு உடல்கள்

கொழுப்பைப் பகையென்று கருத வேண்டியதில்லை. நாம் உண்டது போக மிஞ்சும் ஆற்றலை உடல் சேமித்து வைக்கும் வடிவமே அது. வங்கி வாடிக்கையாளருக்குச் சேமிப்பின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதுமில்லை. சேமிப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். தோலுக்கு அடியில், தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் தேங்கும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. அந்த இடம் நிரம்பிய பிறகோ, அந்த இடமே இயல்பில் குறுகலாக அமைந்துவிட்டாலோ, மிச்சக் கொழுப்பு வயிற்றினுள் குடலைச் சுற்றியும், கல்லீரல், கணையம், தசை ஆகியவற்றுக்குள்ளும் சென்று தங்குகிறது. வயிற்றினுள் இருக்கும் கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களில் ஒரு பகுதி நேரே கல்லீரலுக்குச் செல்லும் சிரைவழி பாய்கின்றது. கல்லீரல் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கத் தொடங்குகிறது. வெறும் வயிற்றிலும் சர்க்கரையை வெளியிடுகிறது. டிரைகிளிசரைடை மிகுதியாக உற்பத்தி செய்கிறது. இவற்றில் எதுவும் கண்ணாடியில் தெரிவதில்லை.

புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யூட்கின் ஆகிய இரு மருத்துவர்கள் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் புகைப்படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருடைய பி.எம்.ஐ.யும் 22.3. எந்த அட்டவணையில் வைத்தாலும் இருவரும் சீரான உடலுடையவர்கள். ஆனால் எக்ஸ்ரே கொண்டு உடலின் பகுதிகளைப் பிரித்தளக்கும் டெக்சா கருவி, யூட்கினின் உடலில் 9.1 விழுக்காடு கொழுப்பு என்றும், யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு கொழுப்பு என்றும் காட்டியது. ஒரே எண்ணின் பின்னால் இரண்டு மடங்குக்கும் மிகுந்த வேறுபாடு மறைந்திருந்தது. இந்தியருக்குப் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதற்கும் யாக்னிக் குழுவினர் சான்று தந்துள்ளனர். புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசையும் உறுப்புகளும் குறைந்திருந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை.

இவ்வளவு எளிதில் ஏமாறும் பி.எம்.ஐ. எவ்வாறு உலக அளவுகோலாயிற்று? எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இக்கணக்கின் வேர், 1830-களில் பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெட்டலே சராசரி மனிதனைத் தேடிச் செய்த ஆய்வுகளில் இருக்கிறது. நோயைக் கணிப்பது அவர் நோக்கமன்று. எடையையும் ஆயுளையும் முடிச்சிட்டவர்கள் பின்னாளில் வந்த காப்பீட்டு நிறுவனத்தார். அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1940-களில் வெளியிட்ட உயர-எடை அட்டவணைகள் மருத்துவர்களின் சுவர்களிலும் ஏறின. 1972-இல் ஆன்செல் கீஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஐந்து நாடுகளின் ஆண்களைக் கொண்டு சோதித்துக் கெட்டலேயின் கணக்குக்குப் பி.எம்.ஐ. என்று பெயரிட்டார். அந்த ஐந்தில் இந்தியா இல்லை. சோதிக்கப்பட்டவர்களில் பெண்களும் இல்லை.

இந்த எல்லைகளை நம்மவர்கள் உணராமல் இல்லை. ஆசியருக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் கூறியது. 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடி, 23-க்கு மேல் மிகை எடை, 25-க்கு மேல் பருமன் என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்றும் வரையறுத்தனர். ஆயினும் மேற்கு வங்க ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பி.எம்.ஐ. 18.5-க்கும் குறைந்தவர்களோடு ஒப்பிட்டால், 18.5-க்கும் 24.9-க்கும் இடைப்பட்ட ‘இயல்பான’ எண்ணுடையவர்களுக்கே கொழுப்புக் கல்லீரல் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. கோட்டை எங்கே கிழித்தாலும் அதற்கு இப்பாலும் நோய் இருக்கிறது.

மஹாலநோபிஸின் பாடம்

மனித உடலை ஒற்றை எண்ணால் மதிப்பிட இயலாது என்பதைக் கணித மொழியில் நிறுவியவரும் கொல்கத்தாக்காரரே என்பது நமக்கு வியப்பூட்டும் பொருத்தமாகப் படுகிறது. 1920-இல் நாகபுரியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், விலங்கியல் மதிப்பாய்வுத் துறையின் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல், மாநிலக் கல்லூரியின் இளம் இயற்பியல் ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகள் தம்மிடம் குவிந்திருப்பதாகவும், அவற்றை ஆராய்ந்து தர முடியுமா என்றும் கேட்டார். அந்த ஆசிரியர் பிரசாந்த சந்திர மஹாலநோபிஸ். முதல் கட்டுரை 1922-இல் வெளிவந்தது. உயரம், தலையின் நீள அகலம், மூக்கின் அளவு எனப் பல அளவுகளைத் தனித்தனியே ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும் என்று கண்ட அவர், எல்லா அளவுகளையும், அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பையும் சேர்த்தே எடைபோடும் ஒரு முறையை வகுத்தார். 1936-இல் முழு வடிவம் பெற்ற அம்முறை ‘மஹாலநோபிஸ் தொலைவு’ என்று இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. 1931-இல் அவர் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவின் பரானகரில் இயங்குகிறது. அவர் பிறந்த ஜூன் 29-ஆம் நாளைப் புள்ளியியல் நாளாக நாடு கொண்டாடுகிறது.

அக்காலத்து உடலளவை ஆய்வுகள் மனிதரைச் சாதியாகவும் இனமாகவும் தரம் பிரிக்கும் ஆர்வத்தில் முளைத்தவை என்பதை மறைப்பதற்கில்லை. ஆய்வுக்கான கேள்வி காலாவதியாகிவிட்டது. கருவி மட்டும் நற்பயனுக்கு நின்றுவிட்டது.

அந்தக் கருவியின் உட்கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரின் எடை 62 கிலோ. பி.எம்.ஐ. ஏறத்தாழ 22, குறை சொல்ல ஏதுமில்லை. இன்னொருவரின் இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். நடுவயது ஆண்களில் அப்படிப் பலர் உண்டு. ஆனால் 62 கிலோ எடையும் 94 சென்டிமீட்டர் இடுப்பும் ஒரே உடலில் சேர்ந்திருந்தால்? இரண்டு அளவுகளும் தனித்தனியே கண்ணை உறுத்தாதவை. சேர்க்கைதான் வழக்கத்துக்கு மாறானது. கையும் காலும் மெலிந்து நடுவில் மட்டும் திரண்ட உடல் அது. தசை கரைந்து, வயிற்றினுள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்னும் எச்சரிக்கை அந்தச் சேர்க்கைக்குள் இருக்கிறது. கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வங்கி அலுவலர் கணக்கிலுள்ள இருப்புத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. வருமானம், பழைய தவணைகள், பிணையம் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறார். உடலையும் அவ்வாறே பார்ப்பதுதான் முறை.

சென்னையில் அவ்வழியே அமைந்த ஓர் எளிய கணக்கு 2005-இல் பிறந்தது. மருத்துவர் வி. மோகனும் அவருடைய சென்னை ஆய்வு நிறுவனத்தினரும் வகுத்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் நான்கே செய்திகளைக் கேட்கிறது: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்பது. மொத்தம் 100 மதிப்பெண்கள். வயது 50 ஆகிவிட்டால் 30. உழைப்பும் உடற்பயிற்சியும் அறவே இல்லையெனில் 30. இடுப்பு ஆணுக்கு 100, பெண்ணுக்கு 90 சென்டிமீட்டரை எட்டினால் 20, அதற்குப் பத்து சென்டிமீட்டர் குறைந்த நிலையிலேயே 10. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டுத்தொகை 60-ஐத் தொட்டால் அபாயம் மிகுதி. ரத்தம் ஒரு துளியும் எடுக்காமல், எவரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை இது காட்டிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் அதே சென்னைக் குழுவினர் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானபோது, நீரிழிவு உடையோர் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்போர் 13.6 கோடி என்று மதிப்பிடப்பட்டது. அதே ஆய்வில் பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 விழுக்காடு, வயிறு பருத்தவர்களோ 39.5 விழுக்காடு. எடைப் பொறிக்குத் தப்பும் ஆபத்தின் பரப்பை இந்த இடைவெளி காட்டுகிறது.

எப்படி அளப்பது?

இடுப்பை அளக்கத் தையற்கடை இஞ்சு டேப் போதும். ஆனால் அளக்கும் இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். “என் கால்சட்டை அளவு பத்து ஆண்டுகளாக 34 அங்குலம்தான்” என்று பெருமிதம் கொள்ளும் நண்பர்கள், அந்தக் கால்சட்டை ஆண்டுக்கு ஆண்டு தொப்பைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. வேட்டியும் சேலையும் இன்னும் இரக்கமுள்ளவை. எவ்வளவு பெருத்தாலும் மறுப்பின்றி இடம் கொடுப்பவை. கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, பெரும்பாலும் தொப்புளை ஒட்டிய மட்டத்தில், டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், வயிற்றை எக்காமல், டேப் தோலை அழுத்தாமல் படிய அளவெடுக்க வேண்டும். அந்த எண் உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு எல்லை 80.

தோல்மடிப்பை இடுக்கிபோன்ற கருவியால் பிடித்து, மேற்கையின் பின்புறத்திலும் தோள்பட்டை எலும்பின் கீழும் அளக்கும் முறை மானிடவியலாளர்களுடையது. கொல்கத்தா ஆய்வாளர்கள் இதில் நெடுங்காலப் பயிற்சி உள்ளவர்கள். பழகாத கையில் அது பயன் தராது.

உடற்பயிற்சிக் கூடங்களிலும், இப்போது பல வீடுகளிலும் காணப்படும் கொழுப்புக் காட்டும் எடைப் பொறிகளைப் பற்றி ஒரு சொல். வெறுங்காலுடன் ஏறி நின்றதும் உணர முடியாத அளவுக்கு மெல்லிய மின்னோட்டம் உடலில் செல்கிறது. நீர் நிறைந்த தசை அதை எளிதாகக் கடத்துகிறது, கொழுப்பு தடுக்கிறது. அந்தத் தடையை வைத்துப் பொறி ஒரு சூத்திரத்தால் கொழுப்பின் விழுக்காட்டைக் கணிக்கிறது. பொறி கொழுப்பை நேரடியாக அளப்பதே இல்லை. தண்ணீர் குறைவாகக் குடித்த நாளிலும், ஓடி வியர்த்த பின்னும், வயிறு நிறைய உண்ட பின்னும் எண் மாறும். சூத்திரம் வேற்று நாட்டவரின் உடல்களைக் கொண்டு வகுக்கப்பட்டதாயின் நமக்குப் பொருந்தாமலும் போகலாம். அதே பொறியில், அதே காலை வேளையில், மாதம் ஒரு முறை பார்த்து எண் எத்திசையில் நகர்கிறது என்று அறியலாம். ஒரு நாள் எண்ணைக் கண்டு கலங்குவதும் களிப்பதும் வீண் என்பது நம் கருத்து. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இப்பொறியில் ஏறலாகாது.

டெக்சா கருவி துல்லியமானதே. ஆயினும் பெருநகர ஆய்வகங்களில் எலும்பு உறுதியை அறியப் பயன்படும் அதனை எல்லாருக்கும் சல்லடையாகப் பயன்படுத்த இயலாது, தேவையும் இல்லை.

சல்லடை என்ற சொல்லை நாம் தெரிந்தே இடுகிறோம். இந்த அளவுகள் எவையும் நோயை உறுதி செய்வன அல்ல, எவரை அடுத்த சோதனைக்கு அனுப்பலாம் என்று சொல்வன. அடுத்த சோதனைகளும் எளியவையே. இரத்த அழுத்தம் 130/85-ஐ எட்டுதல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மில்லிகிராமை எட்டுதல், டிரைகிளிசரைடு 150-ஐ எட்டுதல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இறங்குதல், மிகுதியான இடுப்புச் சுற்றளவு ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அதனை வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்கிறார்கள் மருத்துவர்கள். இவற்றுள் நான்கு, எடை எவ்வளவு குறைவாக இருப்பினும் வரக்கூடியவை. மேற்கு வங்கத்தின் அந்த 54 விழுக்காட்டினரைப் போன்றவர்களுக்கு டேப்பும் உதவாது. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்து, தாமும் நாற்காலியில் அமர்ந்தே பணிபுரிபவர்கள், ஒல்லியாக இருப்பினும் 30 வயது முதல் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருப்பது நலம்.

தொடக்கக் கட்டத்துக் கொழுப்புக் கல்லீரல் மீளக்கூடியது. எடை மிகுந்தவர்கள் தம் எடையில் 7 முதல் 10 விழுக்காட்டைக் குறைத்தால் கல்லீரலின் நிலை கணிசமாகச் சீராகிறது. நாள்தோறும் விரைந்து நடப்பவர்களுக்கு, எடைப் பொறியின் முள் அசையாவிட்டாலும், வயிற்றினுள் இருக்கும் கொழுப்பு கரைகிறது. சோற்றின் அளவும் இனிப்பும் குறைந்து, பருப்பும் காயும் கூடினால் இன்னும் விரைவு. ரசகுல்லாவின் தலைநகரில் வாழும் லேக் மார்க்கெட் தமிழர்களுக்கு இது சற்றுக் கடினமான அறிவுரைதான்.

தொற்றா நோய்களுக்கான மத்திய அரசின் தேசியத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரல் நோயும் 2021 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டது. 30 வயதைக் கடந்த எவரும் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் இத்திட்டத்தின் கீழ்ச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். அத்திட்டத்திற்காகக் களப்பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் வயது, புகை, மது, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகியவற்றோடு இடுப்புச் சுற்றளவுக்கும் ஒரு கட்டம் உண்டு. மதிப்பெண் நான்கைத் தாண்டினால் முதலில் சோதனைக்கு அழைக்கப்படுவோர் வரிசையில் உங்கள் பெயர் சேரும்.